பெயர் போடாத சாட்சி

மருதமுனை
8.2.1955

தெபோறாள் டீச்சருக்கு,

சுகம் விசாரித்துத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று படிப்பித்தீர்கள். விசாரிக்க மனமில்லை. நீங்கள் சொல்லித் தந்த எழுத்துத் தமிழில் எழுதப் பார்க்கிறேன். கோபத்தில் வாய்ப்பேச்சு கலந்தால் கலக்கட்டும்.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, மவுத்தாகிப் போன என் கணவரின் தம்பி ஜவுபர் வந்தார். நான் இத்தாவில் இருப்பதால் முகம் பார்க்கக்கூடாது. வேலி வாசலில், கடப்படியில் நின்றபடியே ஒரு தாளை உரத்து வாசித்தார். அவருடைய கடையில் கொத்தமல்லி சுற்றுவதற்கு வாங்கிய பழைய தாள்களில் ஒன்று. உங்கள் மிஷன் பத்திரிகையாம். வாசித்து முடித்துத் தாளை வளவுக்குள் எறிந்தார். நான் எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். அரபுத் தமிழ் மட்டும் தெரிந்திருந்த எனக்கு நீங்கள் இந்த எழுத்தைச் சொல்லித் தந்த பிறகு, நான் முழுதாக வாசித்த முதல் அச்சு அதுதான்.

"மருதமுனையில் நெசவு செய்யும் ஓர் இளம் விதவை. நெருப்புக் காய்ச்சலில் கணவனை இழந்து, தங்கள் முறைப்படி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறாள். அவளுடைய ஐந்து வயது மகளும் அதே காய்ச்சலில் சாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்து, உங்கள் ஆண்டவரிடம் கேளுங்கள் என்று அழுதாள். பிள்ளை பிழைத்தது. அவளது இருதயக் கதவு திறந்துவிட்டது. அவளுக்காக ஜெபியுங்கள்."

கீழே உங்கள் பெயர்.

பிறகு ஜவுபர் என் மகள் றாபியாவைக் கூப்பிட்டார். பிள்ளை சாச்சாவின் கையைப் பிடித்துத் துள்ளிக்கொண்டு போனாள். பொழுதுபட்டு மஃரிபுக்கு வரவில்லை. இன்று மத்தியானம் லுஹருக்கும் வரவில்லை. நூல் கொண்டுவரும் ஸைனம்பு உம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "மார்க்கம் மாறினவளிட்ட என்ட காக்காட புள்ளய உட ஏலா."

என் பிள்ளை மூன்றாவது ஒழுங்கையில், ஜவுபர் வீட்டில் இருக்கிறாள். நான் போய் எடுக்கலாம். இருநூறு காலடி நடந்தால் போதும். ஆனால் கடப்பைத் தாண்டினால் இத்தாவை முறித்தவள் ஆவேன். அந்தத் தாள் சொன்னது மெய்தான் என்று நானே ஊருக்குக் காட்டியதாகிவிடும். தாண்டாவிட்டால் பிள்ளை இல்லை.

நீங்கள் என் வீட்டுக்கு வந்தது என் பிள்ளையின் காய்ச்சலுக்கா, இந்தத் தாளுக்கா?

ஸகியா


கல்முனை
11.2.1955

அன்புள்ள தங்கச்சி ஸகியாவுக்கு,

உமது கடிதத்தை நூல் கட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து தந்த ஸைனம்பு உம்மா என் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார். வாசித்தபின் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

நான் உமது பெயரை எழுதவில்லை. அதை எண்ணி நிம்மதியாகத்தான் இருந்தேன். எங்கள் ஆட்களுக்கு "ஒரு விதவை" என்றால் ஆயிரத்தில் ஒருத்தி. உங்கள் ஊரில் இன்றைக்கு இத்தாவில் இருப்பவள் யார் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. இரண்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் தையலும் எழுத்தும் படிப்பிக்க வந்து போனவள் நான். இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன், சாக்குப்போக்காக அல்ல. வேதாகமப் பெண்ணாக வேலை செய்கிறவள் மாதாமாதம் கூட்டத்தில் எழுந்து நின்று, இத்தனை வீடு போனேன், இத்தனை பேர் கேட்டார்கள், இன்ன சாட்சி கண்டேன் என்று வாசிக்க வேண்டும். நான் பதினெட்டு மாதம் சாட்சி இல்லை என்றே வாசித்தேன். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். முஸ்லிம் ஊர்களுக்கு ஆள் அனுப்புவது வீண், நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தது. நிறுத்தினால் உம்மிடம் வர வழியில்லை என்று பயந்தேன். இப்படி எழுதுவது எனக்கே நல்ல பெயர் வாங்குவதுபோல் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பயம் மெய்தான்.

செவ்வாய்க்கிழமை நானே வருகிறேன். உங்கள் தாய்வழிக் குடிக்காகப் பள்ளிவாசலில் பேசுகிற மரைக்கார் முகைதீன்பாவா நியாயமானவர் என்று நீரே சொல்லியிருக்கிறீர். அவரிடம் விளக்கிச் சொல்கிறேன். பிள்ளை உம்மிடம் வந்துவிடும். மனம் தளராதேயும். உமக்காக ஜெபித்துக்கொண்டே இருக்கிறேன்.

உமது அக்கா
தெபோறாள்


மருதமுனை
16.2.1955

டீச்சருக்கு,

ஏன் வந்தீங்க?

வரவேண்டாம் என்று எழுதத் தாள் எடுப்பதற்குள் வந்துவிட்டீர்கள். வெள்ளைச் சேலையும் கறுப்புப் பையுமாக ஒழுங்கையில் நீங்கள் நிற்க, வேலிக்கு வேலி ஓலைக் கிடுகை விலக்கிப் பார்த்தார்கள். நானும் என் வேலிக்குள்ளிருந்து பார்த்தேன். மரைக்கார் உங்களிடம், "பொம்புளையோட நான் என்னத்தக் கதைக்க? போங்கம்மா" என்று சொன்னது எனக்கும் கேட்டது. அவருக்குப் பின்னால் நின்ற சனம் சிரித்ததும் கேட்டது.

இப்போது புதுக் கதை கட்டியிருக்கிறார்கள். நீங்கள் என்னைக் கூட்டிப்போக வந்தீர்களாம். இத்தா முடிகிற நாளில் மிஷன் கார் வருமாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஜவுபரைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு மூத்தவர் என்று இருந்தது ஒரே காக்கா. அந்த முகம் மிச்சமிருப்பது றாபியாவில்தான். அவர் பிள்ளையை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. தன் மக்களோடு படுக்க வைக்கிறார். ஸைனம்பு உம்மா சொல்கிறா, பிள்ளை பின்னேரமானால் வாசலில் போய் நின்று, "உம்மாக்கு ஏன் என்னக் கூட்ட வர ஏலா?" என்று கேட்கிறாளாம்.

மார்ச் பதினெட்டு, வெள்ளிக்கிழமை, என் இத்தா முடிகிறது. அன்று ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மரைக்காரும் மற்றவர்களும் என் வீட்டு முற்றத்தில் கூடுவார்கள். பிள்ளை யாரிடம் என்று அன்று முடிவாகும். மார்க்கம் விட்டவள் பிள்ளை வளர்க்க முடியாது. அது ஜவுபர் உண்டாக்கின சட்டம் இல்லை.

எனக்கு உங்களிடமிருந்து ஒன்றே ஒன்று வேண்டும். நீங்கள் பத்திரிகையில் எழுதியது பொய் என்று உங்கள் கையால் எழுதிப் பெயர் வைத்துத் தாருங்கள். நான் உங்களிடம் ஜெபம் கேட்கவில்லை என்று எழுதுங்கள். அவ்வளவுதான்.

ஜெபிப்பதாகக் கடிதத்தில் எழுத வேண்டாம். இந்தத் தாளும் ஒருநாள் கொத்தமல்லி சுற்றப் போகும்.

ஸகியா


கல்முனை
24.2.1955

அன்புள்ள ஸகியா,

எட்டு நாள் பேனாவைத் தொடவில்லை. கோழை என்று நினைத்திருப்பீர். சரிதான்.

நீர் கேட்டதை எழுத உட்கார்ந்தேன். "நான் எழுதியது பொய்" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பொய்யில்லையே, ஸகியா. உமது கணவர் மீராசாவை அடக்கி ஆறாம் நாள். றாபியாவுக்குக் கண் மேலே சொருகிவிட்டது. நீர் தறிக்காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தீர். என் கையை இழுத்துப் பிடித்து, "அக்கா, உங்கட ஆண்டவன்ட கேளுங்க, ஆரு கேட்டாலும் சரி" என்றீர். நான் கேட்டேன். நீரும் கண்ணை மூடியிருந்தீர். அது நடந்தது. அதை நடக்கவில்லை என்று எழுதச் சொல்கிறீர்.

எங்கள் மிஷனை நடத்தும் பெரிய மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது என்றார். துன்பப்படுகிறவர்களைத்தான் ஆண்டவர் அழைக்கிறாராம். மட்டக்களப்பில் எங்கள் பெண்கள் விடுதி இருக்கிறது. நீரும் பிள்ளையும் அங்கே இருக்கலாம். தறியும் வைத்துத் தருவார்கள். றாபியா பள்ளிக்கூடம் போகலாம். பிள்ளையை எடுக்க வேண்டுமானால் மிஷனே வழக்கு வைக்கும். நிபந்தனை எதுவும் இல்லை என்றார். சற்றுப் பொறுத்து, காலம் வரும்போது ஞானஸ்நானம் பெறலாம் என்றார்.

எனக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடிக்கவில்லை. ஆனாலும் வழி ஒன்று இருக்கிறது என்று உமக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீர் கேட்ட கடிதத்தை நான் எழுதினால் பொய்ச் சாட்சி எழுதினவள் ஆவேன். அடுத்த நாளே வேலை போகும், இந்த அறையும் போகும். எனக்கு நாற்பத்தாறு வயது. மட்டக்களப்பில் தம்பி வீட்டுக் குசினி மூலையைத் தவிர வேறு இடம் கிடையாது. உம்முடைய பிள்ளைக்கு முன்னால் இதெல்லாம் பெரிதா என்று நீர் கேட்பீர். எனக்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. வெட்கத்தோடு எழுதுகிறேன்.

தெபோறாள்


மருதமுனை
1.3.1955

அக்காவுக்கு,

வெட்கத்தை ஒளிக்காமல் எழுதினபடியால் அக்கா என்று எழுதுகிறேன். மற்றபடி என் கோபம் குறையவில்லை.

ஓம், கேட்டேன். பிள்ளையின் கண் சொருகும்போது தாய் எந்தக் கதவையும் தட்டுவாள். அன்று காலையில் நான் யாசீன் ஓதினேன். தர்காவுக்கு நேர்ச்சை வைத்தேன். பரியாரியாரின் கஷாயத்தையும் பருக்கினேன், உங்கள் ஆஸ்பத்திரி வில்லையையும் கரைத்துக் கொடுத்தேன். பிறகு உங்களிடம் கேட்டேன். நீங்கள் தட்டின கதவை மட்டும் எண்ணி எழுதிவிட்டீர்கள். மற்றக் கதவுகளைப் பத்திரிகையில் காணவில்லை.

நான் கண்ணை மூடியிருந்தேன் என்கிறீர்கள். ஒன்பது நாள் தூங்காதவள் கண்ணை மூடாமல் வேறு என்ன செய்வாள்?

விடுதி. நல்ல இடமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே வந்தால் நான் ஜவுபரின் வார்த்தையை மெய்யாக்கினவள். இந்த வளவு என் உம்மா எனக்குத் தந்தது, அதற்குள் திரும்பக் கால் வைக்க முடியாது. மீராசாவை அடக்கின கபுறு இந்த ஊரில் இருக்கிறது. ஒரு இத்தாவை விட்டு இன்னொரு இத்தாவுக்குள் வா என்கிறீர்கள். இதற்காவது நாலு மாதம் பத்து நாள் என்று கணக்கு இருக்கிறது.

உங்கள் பெரிய மிஸ் முகம் மலர்ந்தார் என்று எழுதினீர்களே, அதை வாசித்துவிட்டுத் தறியில் இருந்து அழுதேன். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நம்மட ஆட்களும் சொல்வார்கள். அதைச் சொல்கிறவர்கள் தண்ணீர் வாளி தூக்கிக்கொண்டு வருவதில்லை. நீங்கள் தண்ணீரும் கொண்டுவந்தீர்கள். அதுதான் எனக்கு விளங்கவில்லை. வெறுமனே பிடுங்க வந்தவளாக இருந்தால் உங்களை ஏசிவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

மீராசா கிடந்த சீலைகளைக் கிணற்றடியில் நீங்கள் கழுவினீர்கள். அவருடைய சொந்தச் சகோதரம் தொடவில்லை. என் குடியில் ஒரு பெண் தொடவில்லை, தொத்தும் என்று. நீங்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு கழுவினீர்கள்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள், கடிதம் தர மனமில்லாவிட்டாலும். நான் சாகும் வரைக்கும் உங்கள் வேதத்துக்கு வரமாட்டேன் என்று கிணற்றடியில் இருந்த அன்றே உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்தச் சீலைகளைக் கழுவியிருப்பீர்களா?

இன்னும் பதினேழு நாள் இருக்கிறது.

ஸகியா


கல்முனை
12.3.1955

என் ஸகியா,

உமது கேள்விக்கு உடனே "கழுவியிருப்பேன்" என்று எழுதினேன். கிழித்தேன். இன்னொரு முறை எழுதினேன். அதையும் கிழித்தேன்.

மெய்யைச் சொல்கிறேன். எனக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று உண்டு. இதை என் போதகரிடமும் சொன்னதில்லை. அந்தக் கிணற்றடியில் குந்தியிருந்து சீலையைக் கசக்கும்போது எனக்குக் குமட்டியது. உமக்காக நெஞ்சு வெடிக்கிற மாதிரியும் இருந்தது, அது பொய்யில்லை. அதே நேரத்தில் என் மனதுக்குள் ஒரு வசனம் ஓடத் தொடங்கிவிட்டது: "மருதமுனையில் நெசவு செய்யும் ஓர் இளம் விதவை." நீர் உள்ளே பிள்ளையின் நெற்றிக்கு ஈரத் துணி போட்டுக்கொண்டிருந்தீர். நான் வெளியே உம்மைக் கட்டுரையாக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குக் கண் சொருக இன்னும் ஐந்து நாள் இருந்தது. நீர் ஒன்றுமே கேட்கமுன்னமே நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.

பதினெட்டு வருடம் இரக்கத்தைப் பற்றிப் படித்தும் படிப்பித்தும் வந்திருக்கிறேன். ஆண்டவர் குஷ்டரோகியைத் தொட்டார் என்று எத்தனை வீட்டில் வாசித்திருப்பேன். அவர் தொட்டபின், இதை ஒருவருக்கும் சொல்லாதே என்று கட்டளையிட்டார். அந்த வரியை வேகமாக வாசித்துக் கடந்துவிடுவேன். இந்தக் கிழமைதான் அதில் நின்றேன்.

நீர் கேட்ட கடிதம் இதோடு இருக்கிறது. அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

"மருதமுனை விதவை ஒருவர் என்னிடம் ஜெபம் கேட்டதாக ஜனவரி மாதப் பத்திரிகையில் நான் எழுதியது உண்மையல்ல. அந்தப் பெண் தன் மார்க்கத்தை விட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. மேலதிகாரிகளிடம் நல்ல பெயர் எடுப்பதற்காக நானே கற்பனை செய்து எழுதினேன். - தெபோறாள் கதிர்காமர், வேதாகமப் பெண், கல்முனை."

முதல் இரண்டு வரியும் பொய். கடைசி வரியில் பாதி மெய். இது உங்கள் ஊரிலிருந்து வந்து சேரும்வரை காத்திராமல் ஒரு பிரதியைப் பெரிய மிஸ்ஸிடம் நானே கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுத் தாளை மடித்து மேசையில் வைத்தார். மாத முடிவில் அறையை விடும்படி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தம்பிக்குத் தந்தி அடித்துவிட்டேன்.

இதை உமக்கு நன்றி சொல்ல வைப்பதற்காக எழுதவில்லை. எதற்காக எழுதுகிறேன் என்று இப்போது ஒவ்வொரு வரியிலும் என்னையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. றாபியா உம்மிடம் வரட்டும்.

தெபோறாள்


மருதமுனை
21.3.1955

அக்கா,

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தார்கள். மரைக்கார், ஜவுபர், இன்னும் இரண்டு பேர். முற்றத்தில் பாய் விரித்துக் கொடுத்தோம். நான் உள்ளே சீலை மறைப்புக்குப் பின்னால் இருந்தேன்.

உங்கள் கடிதத்தை ஜவுபர் வாசித்தார். பிறகு மரைக்கார் கனைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப சரி மகள். அவ பத்திரிகையில எழுதினது பொய்யெண்டு அல்லாஹ்ட பேரால சத்தியம் ஒண்டு பண்ணு. வேலை முடிஞ்சிரும். புள்ள இப்பவே வரும்."

நான் அல்லாஹ்வை விட்டவள் இல்லை என்று காட்டுவதற்கு, அல்லாஹ்வின் பேரால் பொய்ச் சத்தியம் பண்ணச் சொல்கிறார்கள். பண்ணினால் பிள்ளை வரும். பண்ணினால் அந்தக் கணமே அவர்கள் சொன்ன ஆள் நானாகிவிடுவேன். மரைக்கார் திரும்பவும், "சொல்லு மகள்" என்றார்.

நான் சொன்னது இது. வாயில் வந்தபடியே எழுதுகிறேன்:

"இந்தக் கடிதத்திலதான் அவ பொய் எழுதியிரிக்கா, என்னக் காப்பாத்த. நான் கேட்டன். ஓம், என்ட புள்ளைக்காக அவட ஆண்டவன்ட கேக்கச் சொன்னன். அந்த ஒம்பது நாளும் இந்தக் கடப்பால ஆரு உள்ளுக்கு வந்த? மரைக்கார், நீங்க வந்தீங்களா? ஜவுபர், நீங்க வந்தீங்களா? ஜனாஸாக்கு வந்தீங்க, நோய்க்கு வரல்ல. நீங்க வந்திருந்தா உங்கள்ட துஆ கேட்டிருப்பன். அவதான் வந்தா, அவட்டக் கேட்டன். நான் நேத்தும் முஸ்லிம், இண்டைக்கும் முஸ்லிம். இனி என்ன செய்யணுமோ செய்ங்க."

சொல்லிவிட்டுக் கலிமாவை அவர்களுக்குக் கேட்க ஓதினேன்.

ஜவுபர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கடைசியில் மரைக்கார், "புள்ளயக் கொண்டந்து உடு" என்றார். அஸருக்கு முன்னர் றாபியா வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். வந்ததிலிருந்து என் சீலை நுனியை விடுவதில்லை, தறியில் இருந்தாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

உங்கள் கடிதம் வீணாகிவிட்டது. அதற்காக உங்கள் வேலை போனது, அறை போனது. நான் உங்களைக் கேட்காமலே அதை வீணாக்கினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் என்னைக் கேட்காமல்தான் எழுதினீர்கள். ஆனால் நெஞ்சு நோகிறது, அதையும் சொல்லவேண்டும்.

அவர்கள் சும்மா விட்டுவிடவில்லை. முற்றத்தில் எழும்பும்போது மூன்று கட்டளை சொன்னார்கள். நூலை இனி ஜவுபரே கொண்டுவருவார், ஸைனம்பு உம்மா வரக்கூடாது. கடப்புக்குப் படலை போட்டுவிட்டார்கள், பூட்டின் ஒரு திறப்பு ஜவுபரிடம் இருக்கும். உங்களோடு ஒரு தொடர்பும் கூடாது. பிள்ளையின் வாயில் உங்கள் பேச்சு வந்தாலும் அது தொடர்புதான், பிறகு பிள்ளை ஜவுபர் வீட்டில்தான். இத்தா முடிந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். வெள்ளைச் சீலையை மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். ஸைனம்பு உம்மா கடைசியாக இன்று வருகிறா, அதனால் இன்றே எழுதுகிறேன். பதில் எழுத வேண்டாம், கொண்டுவர ஆளில்லை.

சீலைக் கேள்விக்கு "எனக்குத் தெரியாது" என்று எழுதினீர்களே, அந்தக் கடிதத்தை எரிக்காமல் வைத்திருக்க ஆசைப்பட்டேன். முடியாது. இதை எழுதி முடித்ததும் அடுப்பில் வைப்பேன்.

பிள்ளை உங்களைத்தான் கேட்கிறாள். காய்ச்சலில் தலைமாட்டில் இருந்த ஆளை அவளுக்கு மறக்கவில்லை. "வெள்ளச் சீல அக்கா ஏன் வரல்ல?" என்று நேற்று ஜவுபர் படலையில் நிற்கும்போதே கேட்டுவிட்டாள். அவர் கேட்காத மாதிரிப் போனார். இன்னொரு தரம் அப்படிப் போகமாட்டார்.

ஆகவே இன்று காலையில் அவளை மடியில் வைத்துப் படிப்பித்தேன். அந்த டீச்சர் ஆர் என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது, நான் கண்டதேயில்லை என்று சொல்ல வேண்டும். முதலில் அழுதாள். பிறகு பிடித்துக்கொண்டாள். மூன்று தரம் கேட்டுப் பார்த்தேன். மூன்று தரமும் சரியாகச் சொன்னாள்.

ஸகியா